உயிர்மருத்துவ அறிவியலில் உதவித்தொகையுடன் பிஎச்.டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.எஸ்சி., எம்.டெக்., பி.ஃபார்ம்., எம்.பி.பி.எஸ். போன்ற படிப்பை முடித்துவிட்டு, இந்தியாவில் முழுநேர ஆய்வாளராகச் சேர நினைப்பவர்களுக்கான பக்கம் இது. வெளிநாடு பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. தேர்வுத் தேதியும் வயது வரம்பும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் உள்ளதே இறுதியானது.

மாதம் எவ்வளவு கிடைக்கும்?

முதல் 2 ஆண்டுகள் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) என்ற நிலையில் மாதம் 37,000 ரூபாய். அதன்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆக உயர்ந்தால் 42,000. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தொகை இது. விடுதியில் இடம் கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. சென்னையில் 30 சதவீதம், கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் 20, சிறிய ஊர்களில் 10. ஆக, சென்னையில் வெளியே அறை எடுத்துத் தங்கும் ஜே.ஆர்.எஃப். ஒருவருக்கு 37,000 + 11,100 = 48,100. விடுதியில் தங்கிக்கொண்டு வாடகைப்படி கோர முடியாது. பிறகு தெரியவந்தால் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள்.

இதோடு ஆண்டுக்கு ஒரு சில்லறைச் செலவு நிதியும் உண்டு. மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். தரும் உதவித்தொகையில் அது 20,000. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யில் அறிவியல் மாணவர்களுக்கு முதல் 2 ஆண்டு 12,000, அடுத்து 25,000. இது உங்கள் கைக்கு வராது, நிறுவனத்தின் கணக்குக்குப் போகும். சோதனைக்கு ஒரு நல்ல ஆன்டிபாடி (எதிர்ப்புரதம்) வாங்கினாலே இதில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதால், இதை நம்பி ஆய்வைத் திட்டமிடக் கூடாது.

இந்தப் பணத்தைத் தருவது யார்? அது எதற்குத் தெரிய வேண்டும்?

மூன்று வழிகள். முதலாவது, தேசியத் தேர்வில் நீங்களே வென்ற ஃபெலோஷிப் (ஆய்வு உதவித்தொகை). இரண்டாவது, கைடு (ஆய்வு வழிகாட்டி) வாங்கியிருக்கும் புராஜெக்டிலிருந்து வரும் சம்பளம். மூன்றாவது, ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. போன்ற நிறுவனங்கள் தம் கையிலிருந்து தருவது.

மூன்றிலும் மாதத் தொகை ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். ஆனால் சொந்த ஃபெலோஷிப் என்றால் பணம் உங்களோடு நடக்கும். கைடுடன் ஒத்துவராவிட்டால், விதிகளுக்கு உட்பட்டு, வேறு லேபுக்கு அதை எடுத்துப் போக வழி உண்டு. தலைப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் உங்கள் குரலுக்கு எடை இருக்கும். புராஜெக்ட் பணம் என்றால், அந்தப் புராஜெக்டில் எழுதிக் கொடுத்த வேலையை முடிப்பதுதான் உங்கள் கடமை. ஆய்வேடு அதற்கு அப்புறம்தான். பெரும்பாலான புராஜெக்டுகளுக்கு 3 ஆண்டுதான் ஆயுள். உயிர்மருத்துவத்தில் பிஎச்.டி. 5 ஆண்டு இழுக்கும். நடுவில் விழும் அந்த 2 ஆண்டுப் பள்ளம்தான் பலரைப் பாதியில் வெளியேற வைக்கிறது. நிறுவனப் பணத்தில் கவலை குறைவு. ஆனால் நிறுவனத்தை விட்டு வெளியேறினால் பணமும் அங்கேயே நின்றுவிடும்.

எந்தத் தேர்வை எழுதுவது?

முடிந்தால் ஒன்றுக்கு மேல். பாடம் ஒன்றே, வினாத்தாளின் போக்குதான் வேறு.

சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் (உயிர் அறிவியல்) என்ற தேசியத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு இரு முறை நடக்கும், நாடு முழுக்கச் செல்லும். உயிரித் தொழில்நுட்பம் சார்ந்த பட்டம் உள்ளவர்கள் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் தேர்வை எழுதலாம். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஜே.ஆர்.எஃப். தேர்வு உயிர்மருத்துவம் பக்கம் சற்றே சாயும். பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) போன்ற இடங்களுக்கு ஜெகீபில்ஸ் என்ற தனி நுழைவுத் தேர்வு. கேட் தேர்வில் உயிர் அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், உயிர்மருத்துவப் பொறியியல் என மூன்று தாள்கள் நமக்குப் பொருந்தும். ஐ.ஐ.டி.களில் இந்த மதிப்பெண்ணுக்கு மதிப்பு அதிகம்.

பட்டியலினத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித் தேசிய ஃபெலோஷிப்கள் உண்டு. ஜே.ஆர்.எஃப். வரிசைக்குச் சற்றுக் கீழே நின்றுபோனவர்கள் இவற்றைத் தேடிப் பார்ப்பதே இல்லை. அது பெரிய இழப்பு.

நெட் தாளில் எங்கே மதிப்பெண் போகிறது?

மொத்தம் 145 கேள்விகள், 3 மணி நேரம், 200 மதிப்பெண். ஏ பகுதியில் 20-இல் 15, பி-யில் 50-இல் 35, சி-யில் 75-இல் 25 எழுதினால் போதும். ஏ, பி இரண்டிலும் கேள்விக்கு 2 மதிப்பெண், சி-யில் 4. தவறான விடைக்குக் கால் பங்கு கழியும்.

கணக்கைக் கவனியுங்கள். சி பகுதியின் 25 கேள்விகளே 100 மதிப்பெண், அதாவது பாதித் தாள். அங்கே மூன்றில் ஒரு கேள்வியைத் தொட்டால் போதும். எனவே பாடத்திட்டத்தின் 13 அலகுகளையும் மேலோட்டமாகப் படிப்பதைவிட, 6 அலகுகளை ஆழமாகப் படிப்பதே கெட்டிக்காரத்தனம். உயிர்மருத்துவப் பின்னணி உள்ளவர்களுக்கு இயல்பாக வருபவை: மூலக்கூறுகளும் அவற்றின் வினைகளும், செல் அமைப்பு, டி.என்.ஏ. முதல் புரதம் வரையிலான அடிப்படைச் செயல்கள், செல் சமிக்ஞையும் நோய் எதிர்ப்பும், விலங்கு உடலியங்கியல், மரபியல். இவற்றோடு ஆய்வு முறைகள் அலகையும் விடாதீர்கள். தாவர உடலியங்கியலையும் சூழலியலையும் முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால், பி பகுதியில் எளிதாக வரும் சில கேள்விகளுக்கு மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஏ பகுதி பொதுத் திறன்: சதவீதம், வேகம், வரைபடம் படிப்பது போன்றவை. 30 மதிப்பெண். உயிரியல் மாணவர்கள் இதைத் தொடாமலே போய் உட்காருகிறார்கள். 2 மாதம், தினம் அரை மணி நேரம் பயிற்சி எடுத்தால் இதில் 20 தாண்டலாம். அதே 20 மதிப்பெண்ணை நோய் எதிர்ப்பியலில் கூடுதலாக எடுப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள்.

நெட்டில் "பிஎச்.டி. மட்டும்" என்ற பிரிவில் தேறினால் பணம் உண்டா?

இல்லை. 2024 முதல் முடிவுகள் மூன்று பிரிவாக வருகின்றன: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைத் தகுதி. கடைசி இரண்டிலும் உதவித்தொகை கிடையாது. பிஎச்.டி. தகுதி சேர்க்கை நேர்முகத்துக்கு மட்டும் உதவும், அதுவும் ஓராண்டுக்கு. வீட்டில் இனிப்பு வாங்குவதற்கு முன் சான்றிதழில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டது. உடனே சேர வேண்டுமா?

உத்தரவுக் கடிதத்தில் அது எதுவரை செல்லும் என்று தேதி இருக்கும். அதற்குள் ஓரிடத்தில் பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, சேர்ந்த அறிக்கையை அனுப்ப வேண்டும். இரண்டு மூன்று ஆண்டு இருக்கிறதே என்று ஆற அமர இருப்பவர்களுக்குச் சிக்கல் வருவது இப்படித்தான்: பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கு ஒரு முறை அல்லது இரு முறைதான் சேர்க்கை நடத்தும், ஒரு சுற்றில் இடம் கிடைக்காவிட்டால் அடுத்ததற்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்க வேண்டும். கடிதம் வந்த மாதமே லேப் தேடத் தொடங்குங்கள்.

நெட் இல்லாமல் வழியே இல்லையா?

உண்டு, சற்றுச் சுற்றுவழி. ஒரு லேபில் புராஜெக்ட் அசோசியேட்டாகச் சேர்ந்து, வேலை கற்றுக்கொண்டே தேர்வுக்குப் படிப்பது நடைமுறையில் பலர் செய்வது. இதில் ஓர் எச்சரிக்கை. புராஜெக்ட் வேலையில் இருந்த காலம் தானாகப் பிஎச்.டி. காலமாகக் கணக்கிடப்படாது. பதிவு செய்த நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். "முதலில் சேர், பதிவை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லப்பட்டால், எப்போது, எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்தச் சேர்க்கைச் சுற்றில் என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அது வேலை மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டு முடிவெடுங்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் உண்டு. விடுதியும் உணவும் போனால் மிச்சம் நிற்காது.

எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம்?

நோயின் பெயரிலிருந்து தொடங்குங்கள், நிறுவனம் தானே தெரியும். காசநோய் என்றால் சென்னை சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கொசு, யானைக்கால், டெங்கு என்றால் புதுச்சேரியின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம். நோய்ப்பரவல் கணக்கு என்றால் சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். இவை மூன்றும் ஐ.சி.எம்.ஆர். குடும்பம். நரம்பும் மனமும் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். புற்றுநோய் என்றால் நவி மும்பையின் ஆக்ட்ரெக். இதய வால்வு, எலும்புப் பொருள் போன்ற மருத்துவக் கருவிகள் என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். நோயாளிகளை ஒட்டிய ஆய்வுக்கு வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர். அடிப்படை உயிரியலுக்கு ஹைதராபாத் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் மையம்), பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி. மெட்ராஸ். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகமும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகளும் பழைய, நல்ல பெயர் உள்ளவை.

ஆய்வு நிறுவனங்கள் பலவும் பட்டத்தைத் தாமே தருவதில்லை. ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தோடு அல்லது சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களுக்கான கல்விக்கழகமான அக்சிரோடு இணைந்திருக்கும். பட்டம் யார் பெயரில் வரும், அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டணமும் விதியும் என்ன என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

கைடு நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"நல்லவரா" என்று யாரிடம் கேட்டாலும் நல்லவர் என்றுதான் வரும். கேள்வியை மாற்றுங்கள். கடந்த 10 ஆண்டில் அவரிடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள், சராசரியாக எவ்வளவு காலம்? பாதியில் போனவர்கள் எங்கே போனார்கள்? மாணவருக்கு முதல் ஆசிரியர் இடம் கிடைக்கிறதா? இப்போது ஓடும் புராஜெக்ட் எந்த ஆண்டு முடிகிறது?

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். நன்றியுரையைப் படியுங்கள். சடங்குக்கு எழுதியது எது, மனதிலிருந்து வந்தது எது என்பது இரண்டு மூன்று ஆய்வேடுகளை அடுத்தடுத்துப் படித்தாலே புரிந்துவிடும்.

ஓய்வு பெறும் வயதையும் பாருங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி, ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்கக் கூடாது. பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிநடத்தலாம். "இடம் இல்லை" என்று வரும் பதில் பல நேரம் இதனால்தான். உங்களைப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மின்னஞ்சலுக்குப் பதிலே வருவதில்லையே?

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்" என்று 50 பேருக்கு ஒரே கடிதம் போனால் வராது. பொருள் வரியில் உங்கள் ஃபெலோஷிப்பும் அது செல்லும் காலமும் இருக்கட்டும். அதைப் பார்த்துத்தான் பலர் திறக்கிறார்கள். உள்ளே 150 சொல்லுக்கு மேல் வேண்டாம். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி, உங்கள் கைக்கு வரும் 2 அல்லது 3 உத்திகள், எப்போது சேர முடியும். சுயவிவரம் 2 பக்கத்துக்குள், ஒரே பி.டி.எஃப். பதில் இல்லையென்றால் 10 நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் தொந்தரவு.

நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்?

முதுகலைப் புராஜெக்டைத்தான் முதலில் பிரிப்பார்கள். எது உங்கள் கன்ட்ரோல் (ஒப்பிடும் மாதிரி), ஏன் அந்த அளவு மருந்து, ஏன் அந்தப் புள்ளியியல் சோதனை, முடிவு வேறாக வந்திருந்தால் என்ன அர்த்தம். சீனியர் செய்து கொடுத்ததைத் தன் வேலை என்று போட்டிருப்பவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சொல்வது மேல்.

அடுத்து, கரும்பலகையில் சிறு கணக்கு. 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு கரைசல் 500 மில்லிலிட்டர் வேண்டும், எவ்வளவு உப்பு எடுப்பீர்கள்? மூலக்கூற்று எடை 58.44. எனவே 0.150 × 0.5 × 58.44 = 4.38 கிராம். நீர்த்தல் கணக்கு, ஹீமோசைட்டோமீட்டரில் செல் எண்ணி 10,000-ஆல் பெருக்குவது ஏன், டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆரில் ஒரு சுற்று தள்ளிப் போனால் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம் ஏன் என்பவையும் வாடிக்கை. நெட்டில் நல்ல இடம் பிடித்தவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் எந்த வினாத்தாளும் கையில் கரைசல் கலக்கச் சொல்வதில்லை.

சேர்ந்த முதல் ஆண்டில் என்ன செய்ய வேண்டும்?

பாடநெறி குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீதம் எடுக்க வேண்டும். அது எப்படியும் முடிந்துவிடும். காலத்தை விழுங்குவது அனுமதிகள்.

மனித ரத்தமோ திசுவோ நோயாளி விவரமோ தொட வேண்டுமென்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். குழு மாதம் ஒரு முறை கூடினாலே அதிர்ஷ்டம், சில இடங்களில் காலாண்டுக்கு ஒரு முறை. ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவம் இல்லை, மாதிரி எண்ணிக்கைக்குக் கணக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு சுற்று போய்விடும். எலி, சுண்டெலி என்றால் விலங்கு நெறிமுறைக் குழு தனி. மரபணு மாற்றிய உயிரிகள் என்றால் உயிர்ப்பாதுகாப்புக் குழு. காசநோய்க் கிருமியை வளர்ப்பதற்கு மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சியும் காத்திருப்பும் உண்டு. வெளிநாட்டுக் கூட்டாளியோடு மாதிரி பகிர்வதென்றால் ஐ.சி.எம்.ஆர். வழியாக இன்னோர் அனுமதி.

ஒப்புதல் தேதிக்கு முன்பு எடுத்த மாதிரியை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. பின்தேதியிட்டுச் சரிக்கட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதழ்கள் ஒப்புதல் எண்ணையும் தேதியையும் கேட்கும். எனவே சேர்ந்த மூன்றாம் மாதமே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, காத்திருக்கும் காலத்தில் செல்களில் செய்யக்கூடிய வேலையைத் தொடங்குங்கள்.

செல் வளர்ப்பில் முடிவுகள் மாறி மாறி வருகின்றன. ஏன்?

முதலில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாவைச் சந்தேகியுங்கள். மற்ற பாக்டீரியா புகுந்தால் ஊடகம் கலங்கிவிடும், அடுத்த நாளே தெரியும். மைக்கோபிளாஸ்மா கலங்க வைக்காது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் செல்லின் வளர்ச்சியையும் மரபணு வெளிப்பாட்டையும் மாற்றிவிடும். மாதம் ஒரு முறை பி.சி.ஆர். சோதனை. புதிதாக வரும் எந்தச் செல்லையும் சோதிக்கும் வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள்.

இரண்டாவது, பக்கத்து லேபில் "கடன்" வாங்கிய செல். அதன் பெயர் ஒன்று, உள்ளே இருப்பது ஹீலா என்ற வேறு புற்றுநோய்ச் செல்லாக இருக்கலாம். எஸ்.டி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனை முறையில் அடையாளம் உறுதி செய்யாமல் 2 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, கடைசியில் இதழ் கேட்கும்போது கண்டுபிடிப்பது கொடுமை. மூன்றாவது, ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தின் தொகுதி எண் மாறியது. புதுப் புட்டி திறந்த தேதியைக் குறிப்பேட்டில் எழுதினால் பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

3 மாதமாக உதவித்தொகை வரவில்லை. யாரைக் கேட்பது?

டெல்லிக்கு எழுதுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தின் மாடிக்குப் போங்கள். யு.ஜி.சி. உதவித்தொகைக்கு ஒவ்வொரு மாதமும் நிறுவனம் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் உங்கள் மாதம் நிற்கும். அதற்கடுத்த காரணம், வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாமல் இருப்பது அல்லது பெயரில் முதலெழுத்துக் குழப்பம். சான்றிதழில் "எஸ். குமார்", ஆதாரில் "குமார் செல்வம்" என்று இருந்தால் முதல் நாளே சரி செய்யுங்கள்.

2 ஆண்டு முடிவில் எஸ்.ஆர்.எஃப். உயர்வு தானாக நடக்காது. வெளிநிபுணர் ஒருவர் உள்ள குழுவின் மதிப்பீடு நடந்து, அறிக்கை போக வேண்டும். 22-ஆம் மாதமே கைடிடம் நினைவூட்டுங்கள். தாமதமானால் நிலுவை பின்னர் வரும்தான், ஆனால் வீட்டுக்காரர் நிலுவையை ஏற்பதில்லை. எந்த நேரமும் 3 மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் இருக்கட்டும்.

5 ஆண்டில் முடியாவிட்டால்?

ஃபெலோஷிப் 5 ஆண்டோடு நின்றுவிடும். பதிவு நிற்காது: 6 ஆண்டு வரை இயல்பாகவும், மறுபதிவில் மேலும் 2 ஆண்டும் உண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு கூடும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு. ஆனால் காலம் நீள்வதும் பணம் நீள்வதும் வேறு வேறு. நான்காம் ஆண்டு முடிவில் கட்டுரை எதுவும் எழுதத் தொடங்கவில்லை என்றால், புதிய சோதனை எதையும் கையில் எடுக்காமல் இருப்பதை எழுதத் தொடங்குங்கள். 2022 விதிகளில் கட்டுரை வெளியீடு கட்டாயமில்லை. இருந்தாலும் பல நிறுவனங்கள் தம் விதியில் அதை வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விதியைப் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் நேராகச் சேரலாமா?

சேரலாம். நெட் தேர்வின் கல்வித் தகுதியில் எம்.பி.பி.எஸ்.ஸும் உண்டு. சோதனைக்கூடப் பழக்கம் இல்லாததால் முதல் 6 மாதம் கைகள் கற்றுக்கொள்ளவே போய்விடும். ஆனால் நோயாளியிடமிருந்து எழும் கேள்வி உங்களிடம் இருக்கும், அது மற்றவர்களிடம் இருக்காது. மருத்துவராகத் தனியே பயிற்சி செய்துகொண்டே ஃபெலோஷிப் வாங்க முடியாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

வெளிநாடு?

அமெரிக்காவில் உயிர்மருத்துவ பிஎச்.டி. பெரும்பாலும் முழு உதவியுடன்தான்: கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, மாதத் தொகை மூன்றும். விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர் தொடக்கத்தில் மூடிவிடும், முதுகலை கட்டாயமில்லை. முதல் ஆண்டில் 3 லேபுகளில் சுழற்சி முறையில் வேலை பார்த்துவிட்டுக் கைடைத் தேர்ந்தெடுக்கலாம். அந்நாட்டு அரசின் பயிற்சி நிதிகள் பல குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. ஆகவே வெளிநாட்டவருக்கு அந்தத் துறை எந்தப் பணத்திலிருந்து கொடுக்கிறது, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று எழுத்தில் கேளுங்கள்.

ஜெர்மனியில் முதுகலை வேண்டும். அங்கே ஆய்வாளர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர், கல்விக் கட்டணம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வுத் தொடர்களில் ஒரு நிபந்தனை: சேரப்போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அங்கேயே முதுகலை படித்தவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். பக்கத்து நாட்டிலுள்ள இடத்துக்கு விண்ணப்பித்தால் தப்பலாம்.

"சேர்க்கை உறுதி, உதவித்தொகை பிறகு முடிவாகும்" என்ற கடிதம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், தொகையும் ஆண்டுகளும் எழுதிய இரண்டாவது கடிதம் வரும் வரை விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் காசு கட்டாதீர்கள்.